தனித்திருப்போருக்குத் துணை யார்?

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் நாட்டின் பழைய வழக்கம். அந்த வேப்பிலையைக் கண்டால் அயலார் உள்ளே நுழைய மாட்டார்கள். வீட்டாரும் கல்யாணம், காட்சி என்று வெளியே புறப்பட மாட்டார்கள். சமையலில் தாளிதம் நின்றுவிடும். நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரையில் இந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். தற்கால வைத்திய சாஸ்திரம் 'தனிமைப்படுத்தல்' என்று எதைச் சொல்லுகிறதோ, அதன் பெரும் பகுதி இந்த வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. அந்த வீட்டில் பீடை புகுந்துவிட்டது என்று யாரும் சொல்லுவதில்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்றே சொல்லுவார்கள். இளநீரும் கூழும் வாசற்படி வரையில் வந்து சேரும். நோயாளி ஒதுங்கியிருப்பதால் அவனுக்கு மானக்குறைவு உண்டாவதில்லை. அவனுடைய வீட்டுக்கு ஊரார் மரியாதையே செய்தார்கள்.

வேப்பிலை நோயைத் தீர்த்தது என்று வாதிக்க நாம் முன்வரவில்லை. பெரியம்மையினால் மாண்டவர்களுக்கும் கண்ணிழந்தவர்களுக்கும் கணக்கில்லை. அந்த வியாதியை ஒழித்தது அம்மைப்பால். இந்தியாவில் அது 1975-ஆம் வருஷத்தோடு நின்றது. 1980-ல் உலகத்தை விட்டே போய்விட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் பறைசாற்றியது. ஆனால் தனித்திருக்கும் மனிதனை ஊர் எவ்விதம் நடத்த வேண்டும் என்ற பாடத்தை அந்த வேப்பிலை நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. 2020-ஆம் வருஷத்தில் கொரோனா என்னும் பெருந்தொற்று வந்தபோது, நம்மில் பலர் அந்தப் பாடத்தை மறந்துவிட்டிருந்தோம். சிலர் மறக்கவில்லை. அந்தச் சிலர் செய்த தொண்டைப் பற்றியும், அத்தகைய தொண்டு இனி எப்படி நடைபெற வேண்டும் என்பதைப் பற்றியும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாற்பது நாள்

'குவாரண்டைன்' என்ற சொல் இத்தாலி தேசத்திலிருந்து வந்தது. அதற்கு 'நாற்பது நாள்' என்று பொருள். 1377-ஆம் வருஷத்தில் அட்ரியாடிக் கடற்கரையிலுள்ள ரகூஸா என்னும் துறைமுகத்தார், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே நகரத்துக்குள் வரலாம் என்று விதித்தார்கள். பின்னால் வெனிஸ் முதலிய நகரங்களில் அது நாற்பது நாளாயிற்று.

இந்தக் காத்திருப்பைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போனவர்கள் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூர்ப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். அங்கே அவர்களைத் தடுத்து நிறுத்த அதிகாரிகள் இருந்தார்கள். ஆறுதல் சொல்லத் தங்களுக்குள் தாங்களே இருந்தார்கள்.

தனிமைப்படுத்தல் என்பது என்ன? ஊர் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் தன் கூலியையும், சந்தையையும், உறவையும் சில நாட்களுக்கு விட்டுக்கொடுப்பது. அவன் வெளியே நடமாடினால் அவனுக்கு ஆகும் நஷ்டத்தைவிட மற்றவர்களுக்கு ஆகும் நஷ்டமே அதிகம். ஆகவே, அவன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஊர் அவனுக்குக் கடன்படுகிறது. அந்தக் கடனை ஊர் திருப்பிக் கொடுத்தால் அது தனிமை. கொடுக்காவிட்டால் அது சிறைதான். சிறை என்று தெரிந்தால் யார்தான் தாமாக வந்து உள்ளே புகுவார்கள்? நோயை மறைப்பார்கள்; மறைத்த நோய் தெருத் தெருவாகப் பரவும். இது நம் ஊகம் அன்று. சரித்திரத்தில் கண்கூடாக நடந்தது.

பூனாவும் ஜோஹானஸ்பர்க்கும்

1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக், அடுத்த வருஷம் பூனாவைப் பிடித்தது. அப்போது அவசரமாக இயற்றப்பட்டதுதான் 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பூனாவில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் துரை, வீடு வீடாகப் புகுந்து சோதிக்கச் சோல்ஜர்களை ஏவினார். பூஜை அறையென்றும் சமையலறையென்றும் பாராமல் அவர்கள் நுழைந்தார்கள். பெண்டுகளுக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றித் தேசமே கொதித்தது. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், செத்தவர்களைக்கூட மறைத்தார்கள். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு, விக்டோரியா ராணியாரின் வைர விழாவன்று, சாபேகர் சகோதரர்கள் ராண்ட் துரையைச் சுட்டார்கள். நோயை அடக்கக் கையாண்ட பலாத்காரம் பலாத்காரத்திலேயே முடிந்தது.

அதே பூனாவில், அதே பிளேக்கில், வேறொரு காட்சியும் நடந்தது. பெண் கல்விக்காகப் பாடுபட்ட ஸாவித்திரிபாய் பூலே அம்மையார் அப்போது அறுபத்தாறாம் வயதை எட்டியிருந்தார். டாக்டரான தம் வளர்ப்பு மகன் யசுவந்தைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தாமே சுமந்துகொண்டு போய் அங்கே சேர்த்தார். அந்த நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச்சு 10-ஆம் தேதி காலமானார். சோல்ஜரைக் கண்டால் கதவைத் தாழிட்ட அதே ஜனங்கள் இத்தகையோருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஏழு வருஷங்கள் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரத்தில் நடந்ததை மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். 1904 மார்ச்சு மாதம். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த இருபத்து மூன்று இந்தியர்கள் நுரையீரல் பிளேக்கோடு தங்கள் சேரிக்குத் திரும்பி வந்து விழுந்தார்கள். 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் போயிருந்த மதன்ஜித் அதைக் கண்டார். காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து நோயாளிகளை அதில் கிடத்திவிட்டுக் காந்திஜிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். காந்திஜி சைக்கிளில் வந்து சேர்ந்தார். டாக்டர் வில்லியம் காட்பிரே வைத்தியராகவும் தாதியாகவும் இருந்து உழைத்தார். காந்திஜியின் காரியாலயத்தில் வேலை செய்த நான்கு வாலிபர்களும் தொண்டர்களானார்கள். மறுநாள் முனிசிபாலிட்டியார் ஒரு காலிக் கிடங்கைக் கொடுத்தார்கள். அதைக் கூட்டிக் கழுவியதும் இவர்களே. படுக்கைகள் தேடியதும் இவர்களே. நோயாளிகளில் இரண்டு பேரே பிழைத்தார்கள். உதவிக்கு வந்த தாதியும் நோய்க்குப் பலியானாள்.

சிகிச்சையின் பலனை மட்டும் பார்த்தால் இது தோல்வி என்றே தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். முனிசிபாலிட்டியார் அந்தச் சேரியைச் சுற்றிக் காவல் போட்டார்கள். அநுமதியில்லாமல் யாரும் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாது. காந்திஜிக்கும் அவருடைய தோழர்களுக்கும் மட்டும் தடையில்லை. சேரியைக் காலி செய்து, பதின்மூன்று மைலுக்கு அப்பால் வெட்டவெளியில் கூடாரங்களில் மூன்று வாரம் தங்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஏழை ஜனங்கள் கதிகலங்கிப் போனார்கள். அவர்களில் பலர் பாங்கியை அறியாதவர்கள். சம்பாதித்ததையெல்லாம் வீட்டுத் தரையில் புதைத்து வைத்திருந்தார்கள். வீட்டை விட்டுப் போனால் பணத்தின் கதி என்ன? காந்திஜி அவர்களுக்குப் பாங்கியாக நின்றார். தோண்டி எடுத்த காசுகளைக் கிருமி நீக்கிப் பாங்கியில் போடச் செய்தார். ஏறக்குறைய அறுபதினாயிரம் பவுன் அவர் கைவழியாகப் போயிற்று. அதன் பிறகே ஜனங்கள் அமைதியாகக் கூடாரத்துக்குப் புறப்பட்டார்கள். காந்திஜி தினந்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரி கொளுத்தப்பட்டது.

பூனாவில் சோல்ஜரின் துப்பாக்கி சாதிக்காததை ஜோஹானஸ்பர்க்கில் காசுகளை எண்ணி வாங்கிய ஒரு கை சாதித்தது. தனித்திருப்போனுடைய கவலை நோய் ஒன்றே அன்று. அவன் விட்டுவந்த வீடும் பணமும் அவன் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கும். அதை ஏற்றுக்கொள்ள ஒருவன் இருந்தால்தான் அவன் ஓரிடத்தில் நிம்மதியாக இருப்பான்.

காந்திஜிக்கு அந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டர்பனில் டாக்டர் பூத் நடத்திய தர்ம வைத்தியசாலையில், தினம் ஒரு மணி இரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் வேலையை அவர் செய்து வந்தார். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலித் தொழிலாளர்கள். பிறகு போயர் யுத்தத்தில் 1,100 பேரைக் கொண்ட இந்திய வைத்தியத் தொண்டர் படை கிளம்பியபோது அந்தப் பழக்கம் கை கொடுத்தது. பிளேக் வந்தபோது மறுபடியும் கை கொடுத்தது. ஆபத்து வருவதற்கு முந்தியே பழகியிருந்த கைகள்தாம் ஆபத்தில் உதவின.

கொங்கு நாட்டின் அநுபவம்

நம் கோயமுத்தூருக்கும் பிளேக் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அது பலமுறை அந்நகரத்தில் தலைகாட்டியது. எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டு போவார்கள். கோயமுத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு கோயில் இருக்கிறது. அதற்கடுத்துத் தேச முழுவதையும் உலுக்கியது 1918-ஆம் வருஷத்து விஷ ஜுரம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாமல் மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நூறு வருஷங்களுக்குப் பின் கொரோனா வந்தது. 2020 மார்ச்சு 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அந்த மாதம் 24-ஆம் தேதி மாலையிலிருந்து ஊரடங்கு. கொஞ்ச நாளில் நம் தெருக்களில் ஒரு புதிய காட்சியைக் கண்டோம். நோய்த் தொடர்புள்ள வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். சில நகரங்களில் தெரு வாயிலையே தகரத்தால் அடைத்தார்கள். 1897-ல் வெள்ளைக்கார அரசாங்கம் இயற்றிய அதே தொற்றுநோய்ச் சட்டந்தான் அப்போதும் அமுலில் இருந்தது.

அறிவிப்பு ஒட்டியது தவறென்று நாம் சொல்லவில்லை. வேப்பிலையும் ஓர் அறிவிப்புத்தானே? ஆனால் வேப்பிலையைப் பார்த்தவர்கள் கை கூப்பினார்கள். இந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குணமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களைக்கூடச் சிலர் தெருவில் விட மறுத்தார்கள். 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னையில் கொரோனாவினால் இறந்த ஒரு நரம்பு அறுவை டாக்டரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. வண்டியோடு வந்தவர்களை அடித்துத் துரத்தியது. அவருடைய தோழரான இன்னொரு டாக்டர் நள்ளிரவில் திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அந்த மாதக் கடைசியிலேயே, இத்தகைய அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று வருஷம் வரையில் சிறை என்று தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அவசரச் சட்டம் பிறப்பித்தார்கள். சட்டம் போட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று, நம் பாட்டிமார்கள் அறிந்திருந்த அந்த மரியாதையை!

இந்தப் பயத்தின் விளைவைப் பின்னர் அநுபவித்தோம். 2021 மே மாதத்தில் இரண்டாவது அலை எழுந்தபோது, மாதக் கடைசியில் கோவை ஜில்லாவில் தினந்தோறும் கண்ட நோயாளிகளின் எண்ணிக்கை சென்னையையும் மிஞ்சிவிட்டது. கொடிசியாக் கண்காட்சி மண்டபம் நோயாளிகள் தங்கும் இடமாயிற்று. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை, பிராண வாயுவுக்குத் தட்டுப்பாடு. 'காகிதம் ஒட்டிவிடுவார்கள்' என்று சோதனைக்கே போகாமல் வீட்டில் ஜுர மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர்கள், மூச்சுத் திணறிய பிறகு வண்டி தேடினார்கள். அப்படித் தாமதித்துப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

தறியும் மாடும்

வெள்ளகோவில் கோயமுத்தூரிலிருந்து காங்கயம் வழியாகக் கரூருக்குப் போகும் பெருவழியில் இருக்கிறது. மழை குறைந்த மேட்டு நிலம். விசைத்தறியும், மாடும், முருங்கையும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சோறு போடுகின்றன. இப்படிப்பட்ட ஊரில் 'பதினான்கு நாள் வெளியே வராதே' என்று சொல்லுவது எளிது. அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

தறிக்காரனுக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. பதினான்கு நாள் தறி நின்றால் பதினான்கு நாள் அடுப்பும் நிற்கும். தோட்டத்து வீட்டில் இருக்கும் விவசாயிக்குத் தனிமை பெரிய காரியமல்ல. அடுத்த வீடே அரைக் கல் தொலைவில் இருக்கிறது. ஆனால் கறவை மாட்டுக்கு நோயும் தெரியாது, ஊரடங்கும் தெரியாது. காலையிலும் மாலையிலும் பால் கறந்தாக வேண்டும். தீவனம் வைக்க வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். முருங்கையைக் காலத்தில் பறிக்காவிட்டால் காய் முற்றிப் போகும். பிள்ளைகள் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, கிழவனும் கிழவியும் மட்டும் தனியே வாழும் தோட்டங்களும் இந்தப் பக்கத்தில் பல. அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர் எப்படிக் கஞ்சி காய்ச்சுவார், எப்படி மருந்து வாங்குவார்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர்கள் அந்தந்த ஊர் வாலிபர்கள்தாம். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் இது நடந்தது. நம் கொங்கு நாட்டு ஊர்களும் விலக்கல்ல. நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கும். ஒருவர் மருந்துக் கடைக்காரருக்கு வேண்டியவராக இருப்பார். ஒருவர் செஞ்சிலுவைச் சங்கத்திலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ முதல் உதவி கற்றவராக இருப்பார். அரிசி, பருப்பு, பால், மருந்து இவற்றை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நின்று குரல் கொடுப்பார்கள். மாட்டைத் தங்கள் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்தி வேளையில் டெலிபோனில் கூப்பிட்டு, "ஆத்தா, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு மூச்சு எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார்கள். அந்த 'ஆத்தா' என்ற ஒரு சொல்லில் பாதி வைத்தியம் இருந்தது.

சென்னை மாநகராட்சியார் இந்த வேலையின் அவசியத்தை உணர்ந்து, 2020-ல் 'போகஸ்' என்ற பெயரில் ஆட்களைச் சம்பளத்துக்கே நியமித்தார்கள். தனிமையிலிருக்கும் வீடுகளுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுப்பதும், அவர்கள் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. கொடுக்கும் கையே காவலும் காத்தது என்பதைக் கவனியுங்கள். இறந்தவர்களுக்கான கடைசி உபகாரத்தையும் தொண்டர்களே செய்தார்கள். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தார் முதலானோர், சொந்தக்காரர்களே கிட்டே வர அஞ்சிய உடல்களை, ஹிந்துவென்றும் கிறிஸ்தவரென்றும் முஸ்லிமென்றும் பேதம் பாராமல் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். தேசம் ஒன்று என்பதை மேடையில் நிரூபிப்பது சுலபம். மயானத்தில் நிரூபித்தவர்கள் இவர்கள்.

தெரிந்திருக்க வேண்டியவை

நல்ல மனம் மட்டும் போதாது. தெரியாமல் செய்யும் உபகாரம் அபகாரமாய் முடிவதுண்டு. கொரோனாவில் ஒரு விசித்திரம் கண்டார்கள். சிலருக்கு இரத்தத்தில் பிராண வாயு அபாயகரமாகக் குறைந்த பின்பும் மூச்சுத் திணறல் தெரிவதில்லை. பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார்கள், திடீரென்று சாய்ந்துவிடுவார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்ற சிறு கருவிதான் இதைக் காட்டிக்கொடுக்கும். அளவு 94-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும் கருவி பிழையாகக் காட்டலாம். ஆகவே விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நோயாளியை ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பிறகே பார்க்க வேண்டும். கருவி இல்லாத வீட்டில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்க்கலாம். வளர்ந்தவர்களுக்கு 24-க்கு மேற்பட்டால் அது எச்சரிக்கை. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும் வரையில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால், நுரையீரலின் பின்பக்கம் விரிந்து மூச்சு ஓரளவு சுலபமாகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. 2021-ல் டாக்டர் சொல்லாமலே ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கி விழுங்கியவர்கள் பலர். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த மருந்தினால் சர்க்கரை ஏறி, கரும்பூஞ்சை என்னும் கொடிய வியாதி மூக்கையும் கண்ணையும் அரித்தது. தொண்டர் வேறு மருந்து சொல்லக் கூடாது. டாக்டர் சொன்ன மருந்து வேளை தவறாமல் உள்ளே போகிறதா என்று பார்ப்பதே அவருடைய வேலை. தம்மைக் காத்துக்கொள்வதும் அவருடைய கடமை: முகக் கவசம், சோப்பினால் கை கழுவுதல், கூடியவரையில் திறந்த வெளியில் நின்று பேசுதல். தொண்டரே நோயை வீடு வீடாகக் கொண்டு போனால் அதைவிட விபரீதம் வேறில்லை.

இன்னும் ஒன்று. அரிசிப் பை கொடுக்கும்போது படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பும் பழக்கம் அக்காலத்தில் பெருகிற்று. வாங்குகிறவரின் தலை குனிந்திருப்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம். கூலி வேலை செய்து கௌரவமாக வாழ்ந்த குடும்பம் அது. அந்தப் படத்துக்குப் பயந்து அடுத்த வீட்டார் உதவி கேட்காமலே இருந்துவிடுவார்கள். யாருக்கு நோய், யாருக்கு என்ன கொடுத்தோம் என்பவை தொண்டர்களின் நோட்டுப் புத்தகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி, கொரோனா உலகளாவிய அவசர நிலை இனி இல்லை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசாங்கக் கணக்குப்படி 38,000-க்கு மேற்பட்டோர் அந்த நோய்க்கு இரையானார்கள். காகிதங்கள் கிழிந்தன, தகரங்கள் போயின. அன்று கூடிய இளைஞர் கூட்டங்களும் பெரும்பாலும் கலைந்துவிட்டன. ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், ஒருவருக்குக் கல்யாணமாகியிருக்கும். இது இயற்கையே. ஆனால் அவர்கள் கற்றதும் அவர்களோடு கலைந்துவிட்டால், அடுத்த தடவை நாம் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பிளேக்குக்கும் விஷ ஜுரத்துக்கும் பிறகு நாம் செய்த தவறு அதுதான்.

உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கற்றதை வருஷந்தோறும் திருப்பிப் பார்க்காவிட்டால் மறந்துபோகும். நம் பள்ளிக்கூடங்களில் இளம் செஞ்சிலுவைச் சங்கமும், நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கின்றன. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தார் 1877-ஆம் வருஷம் முதலே உலகத்தின் பல பாகங்களில் சாதாரண ஜனங்களுக்கு முதல் உதவி சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ல் சட்ட பூர்வமாக ஏற்பட்டது. புதிதாக ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்கிப் பலகை மாட்ட வேண்டிய அவசியமில்லை. இருப்பவற்றைக் கொண்டே நடத்தலாம்.

வெள்ளகோவில் போன்ற ஒரு நகராட்சியில் வார்டுக்குப் பத்துப் பேர் போதும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தனியே இருக்கும் ஸ்திரீகளின் கஷ்டங்கள் ஆண்களிடம் வெளிவருவதில்லை. முதல் உதவியும், மூச்சு எண்ணுவதும், ஆக்ஸிமீட்டர் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவருக்கு மாடு கறக்கத் தெரிந்திருப்பது நலம். தனியே வசிக்கும் முதியோர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வடநாட்டிலிருந்து வந்து தறிச் சாலைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் ஆகியோரின் ஜாபிதா ஒன்று வார்டுதோறும் தயாராக இருக்க வேண்டும். இந்தத் தொழிலாளர்களை முக்கியமாய்ச் சொல்லுகிறோம். அவர்களுக்கு இங்கே உறவு இல்லை. நம் பாஷையும் நன்றாகத் தெரியாது. மண்டபத்திலும் ஜெரஜாக்கிலும் நம்மவர் இருந்த நிலைதான் இங்கே அவர்களுடைய நிலை.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கலாம். பத்துப் பேருக்கு இரண்டு ஆக்ஸிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், சோப்பு, முகக் கவசம், ஒரு நோட்டுப் புத்தகம் — இவ்வளவுதான் சாதனங்கள். கோயில் திருவிழாவில் ஒரு நாள் வாண வேடிக்கைக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. தனிமையிலிருக்கும் தறித் தொழிலாளிக்குப் பதினான்கு நாள் அரிசிக்கு வேண்டிய நிதியை, தறி முதலாளிகளும் வியாபாரிகளும் முன்கூட்டியே சேர்த்து வைப்பது அவர்களுக்கே லாபம். ஒருவன் பசியினால் நோயோடு தறிக்கு வந்தால் சாலை முழுவதும் நின்றுபோகும் என்பதை அவர்கள் 2021-ல் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த கொள்ளைநோய் எந்த வருஷம், எந்த உருவத்தில் வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும் நாளில் வீட்டுக்குள் இருக்கச் சொல்லி யாரிடமாவது நாம் கேட்டுக்கொள்ளத்தான் போகிறோம். அவருடைய திண்ணைக்கு யார் போவது என்பதை இன்றைக்கே தீர்மானித்துக்கொள்ளலாம். பயிற்சிக்குச் சில ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போதும். பள்ளிக்கூடத்துக் கட்டடம் அந்த நேரத்தில் காலியாகத்தான் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க உபாத்தியாயர்களும் இருக்கிறோம். வாலிபர்களும் யுவதிகளும் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.